கிளாரினெட்டுக்கு நல்ல ரீடு: பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும்

நாகசுரச் சீவாளியில் இரண்டு பக்கமும் மெல்லிய தகடு. இரண்டும் சேர்ந்து அதிரும். கிளாரினெட்டில் தகடு ஒன்றுதான்; அதுதான் ரீடு. எதிர்ப்பக்கத்தின் வேலையை, வாயில் வைக்கும் அசையாத மவுத்பீஸ் செய்கிறது. ரீடு வாங்கப் போகும்போது பலரும் மறந்துவிடுவது இதைத்தான். ‘நல்ல ரீடு ஒன்று கொடுங்கள்’ என்றால் ‘என்ன மவுத்பீஸ் வைத்திருக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். ஒருவர் கையில் தேனாகப் பேசும் ரீடு அடுத்தவர் மவுத்பீஸில் வெறும் காற்றாகப் போவதும், ‘அவர் நான்காம் நம்பர் வாசிக்கிறார்’ என்று கேள்விப்பட்டு அதையே வாங்கி வந்தவருக்குத் தாடை வலி மிஞ்சுவதும் இதனால்தான்.

இங்கே சொல்வதெல்லாம் பிரெஞ்சு வகை மவுத்பீஸ் போட்ட பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு. ஜெர்மன் வகை மவுத்பீஸுக்கு ரீடு குறுகலாக இருக்கும். ஈ ஃபிளாட்டுக்குச் சிறியது, பாஸ் கிளாரினெட்டுக்குப் பெரியது. அவசரத்தில் பெட்டியை மாற்றி எடுத்து வருவது அடிக்கடி நடக்கிறது. பெயரையும் படத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரீடின் உடம்பு

ரீடு செய்யும் நாணலுக்குத் தாவரவியல் பெயர் அருண்டோ டோனாக்ஸ். பிரான்ஸின் தெற்குக் கடலோரத்தில் உள்ள வார் பகுதி நாணலுக்குத்தான் நெடுங்காலமாகப் பெயர். அர்ஜென்டினாவிலும் ரீடுக்காகவே பயிரிடுகிறார்கள். சுமார் இரண்டு வயதான தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் காயவைத்து, பிறகு நிழலில் வைத்துப் பதப்படுத்துவார்கள். இந்தக் காய்ச்சலில் குறை வைத்தால் அது பிற்பாடு உங்கள் வாயில்தான் தெரியும்.

ரீடைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரீடை மவுத்பீஸோடு இறுக்கும் வளையமான லிகேச்சர் பிடிக்கும் பக்கம் அடி. அங்கே மேலே வழவழப்பான பட்டை இருக்கும். பட்டை முடிந்து சரிவு தொடங்கும் இடத்திலிருந்து வாய்க்குள் போகும் முனை வரை சீவிய பகுதி. அதன் நடுவில் சற்றுத் தடிப்பாக இருப்பது நெஞ்சு. இரு பக்கமும் மெலிந்து இறங்குபவை ஓரங்கள். கடைசியில் நுனி. வண்டோரன் நிறுவனத்தின் நீலப்பெட்டி ரீடுக்கு நுனி 0.09 மி.மீ., அடி 2.8 மி.மீ.; அதே நிறுவனத்தின் வி 12 வகைக்கு நுனி 0.10, அடி 3.15. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாத நுனிதான் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. விரல் நகம் பட்டாலும் சட்டையில் உரசினாலும் அது போய்விடும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நாணலின் வெளிப்பக்கம் இறுக்கமானது, உள்ளே போகப் போகப் பஞ்சுபோல நெகிழும். ரீடை அறுக்கும்போது கத்தி சற்று சாய்ந்தால்கூட ஒரு ஓரத்தில் இறுக்கமான நாரும் மறு ஓரத்தில் நெகிழ்ந்த நாரும் வந்துவிடும். அளவு கருவியில் இரண்டு ஓரமும் ஒரே தடிமன் காட்டும். வாசித்தால் ஒரு பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். ரீடுத் தொல்லையில் பாதிக்கு மேல் இந்த வகை.

நம்பர் சொல்வது எதை

2, 2½, 3, 3½ என்ற எண்களைப் பலர் தடிமன் என்று நினைக்கிறார்கள். ஒரு வகை ரீடெல்லாம் ஒரே அளவில்தான் வெட்டப்படுகின்றன. வெட்டிய பிறகு ஒவ்வொன்றையும் இயந்திரம் வளைத்துப் பார்க்கும். எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வைத்து எண் கொடுக்கும். எண் என்பது அந்தத் துண்டு நாணலின் விறைப்பு, அவ்வளவுதான். தரத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. 3 என்று அச்சிட்ட பெட்டிக்குள் 2½-ஐ ஒட்டியதும் இருக்கும், 3½-ஐத் தொடுவதும் இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் 3 இன்னொரு நிறுவனத்தின் 3 ஆகாது. ரிக்கோ ஆரஞ்சுப் பெட்டி 2½, வண்டோரன் நீலப்பெட்டி 2½-ஐவிட நன்றாகவே மென்மை. ஒரே நிறுவனத்தின் இரண்டு வகைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. வகை மாற்றும்போது நிறுவனங்கள் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு, முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள்.

இனி மவுத்பீஸ். ரீடு நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முதல் கணக்கு. இடைவெளி கூடினால் ரீடு அதிக தூரம் வளைய வேண்டும். அதற்கு மென்மையான ரீடு. இடைவெளி குறைந்தால் விறைப்பான ரீடைத் தாங்கும். ரீடும் மவுத்பீஸும் பிரியத் தொடங்கும் வளைவு நீளமாக இருந்தாலும் சற்று விறைப்பான ரீடு ஒத்துவரும். நடைமுறையில் இப்படித் தொடங்கலாம்: யமஹா 4சி, இடைவெளி 1.05 மி.மீ., புதிதாகக் கற்பவருக்கு 2 அல்லது 2½. வண்டோரன் பி 45, இடைவெளி 1.195 மி.மீ., வாய் பழகியவருக்கு 2½, அதிகம் போனால் 3. வண்டோரன் 5 ஆர்வி லயர், 1.095 மி.மீ., 3 அல்லது 3½.

நம்பர் ஏறுவது தேர்ச்சியின் அடையாளம் என்று ஒரு நினைப்பு பேண்டு செட்களிலும் பள்ளிகளிலும் உண்டு. இதைப் போலக் கெடுதல் செய்யும் நினைப்பு வேறில்லை. விறைப்பான ரீடை ஊத முடியாமல் கீழுதட்டைப் பல்லில் வைத்துக் கடிக்கப் பழகிய மாணவருக்கு அந்தப் பழக்கம் போக வருடங்கள் ஆகும்.

நம்பர் கூடுதலா, குறைவா என்று வாத்தியமே சொல்லும். கூடுதல் என்றால் சுரத்தோடு ‘உஸ்’ என்ற காற்றும் சேர்ந்து வரும், மெல்ல வாசித்தால் சுரம் தொடங்காது, பத்து நிமிடத்தில் வாயோரம் தளரும், சுருதி மேலே ஏறும். குறைவு என்றால் சத்தம் தகரம் மாதிரி மெலிந்து ஒலிக்கும், பலமாக ஊதினால் சுருதி கீழே இறங்கும், மேல் ஸ்தாயி சுரங்களில் ரீடு மவுத்பீஸோடு ஒட்டிக்கொண்டு சத்தமே நின்றுபோகும். இரண்டும் இல்லாமல் இடையில் இருந்தால் எண் சரி. மீதிக் குறைகள் தனி ரீடின் குறைகள்.

கடையில்

10 ரீடு கொண்ட பெட்டியாக வாங்குவதே கணக்குக்குச் சரி. ஒரு பெட்டியில் இரண்டு மூன்று உடனே நன்றாகப் பேசும், நான்கைந்து கொஞ்சம் கைவேலை செய்தால் தேறும், மீதி பயிற்சிக்கு ஆகும் என்பது பொதுவான அனுபவம். அதனால் ஒற்றை ரீடு வாங்குவது ஏறக்குறைய சீட்டு எடுப்பதுதான். வேறு வழியில்லாமல் ஒன்றிரண்டு வாங்கினால் தனித்தனி உறை பிரிக்காததாக வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டியில் உறையில்லாமல் கிடப்பதை உங்களுக்கு முன்னால் யார் வாயில் வைத்துப் பார்த்தார்களோ தெரியாது; நுனியும் எத்தனை விரல் பட்டதோ.

பட்டை முடியும் இடத்தில் நேர்கோடாகக் கூடுதலாகச் சுரண்டிய ரீடுகள் உண்டு. ஃபைல் செய்தவை என்பார்கள். சுரண்டாததும் உண்டு. சுரண்டியதில் நெகிழ்வு கொஞ்சம் கூடும், கீழ் ஸ்தாயி சட்டென்று பேசும். இருட்டான ஒலி கொண்ட மவுத்பீஸுக்கு இது உதவும் என்பார்கள் சிலர். வித்தியாசம் சிறியது, முதல் பெட்டியிலேயே இதை வைத்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணால் பார்ப்பது

பெட்டி பிரித்ததும் பத்தையும் அடியில் பென்சிலால் 1 முதல் 10 வரை எண் போட்டுவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கசியும். பிறகு ஜன்னலோரமோ மேசை விளக்கருகிலோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் பட்டையின் நிறம். பொன் மஞ்சள் நல்லது. பழுப்புப் புள்ளியோ வரியோ இருந்தால் குற்றமில்லை, நன்கு விளைந்த நாணலில் அது இருக்கும். பச்சை தெரிந்தால் காய்ச்சல் போதவில்லை; அது முதல் நாள் இனிமையாகப் பேசிவிட்டு நான்காம் நாள் துவண்டுவிடும்.

அடுத்து அடியின் வெட்டுமுகம். ரீடைக் குச்சி போல நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்து அடியைப் பாருங்கள். கீழே தட்டையான கோடு, மேலே பிறை போன்ற வளைவு. வளைவின் உச்சி நட்டநடுவில் இருக்க வேண்டும், இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும். உச்சி ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், முன்னே சொன்ன சாய்ந்த அறுப்பு இதுதான். அந்த எண்ணைத் தனியே குறித்து வையுங்கள்.

மூன்றாவது, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. நுனியிலிருந்து அடியை நோக்கி வெளிச்சம் ஊடுருவும் பகுதி கவிழ்த்துப் போட்ட ‘வி’ எழுத்து மாதிரி, அல்லது கோபுர நிழல் மாதிரி இருக்கும். நடுவில் நெஞ்சு இருட்டாக, சுற்றிலும் மெல்ல மெல்ல வெளிச்சம் கூடும். நிழலின் உச்சி நடுவில் இருக்கிறதா, இரு சரிவும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே நார்களையும். நெருக்கமாக, ஓரத்துக்கு இணையாக, நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். சாய்ந்து ஓடும் நார் ஓரத்தில் வெட்டுப்பட்டு முடியும். அந்தப் பக்கம் பலவீனம். நுனிவரை போகும் ஒரு தடித்த கறுப்பு நார் கீச்சுச் சத்தத்துக்கு அழைப்பு.

இதோடு ஒரு எச்சரிக்கை. கண்ணுக்கு அழகாக இருப்பது நன்றாகப் பேசும் என்று நிச்சயமில்லை, கோணலாகத் தெரிவது அருமையாகப் பேசுவதும் உண்டு. கண்ணால் பார்ப்பது எதையும் தூக்கிப்போட அல்ல. பிற்பாடு ஒரு ரீடு தகராறு செய்யும்போது எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதுகு தட்டையா

மவுத்பீஸில் உட்காரும் பின்பக்கம் கண்ணாடி போலத் தட்டையாக இருந்தால்தான் காற்று கசியாது. இதைச் சோதிக்க ஒரு கண்ணாடித் துண்டும், 600 எண் உப்புத்தாளும் போதும். தாளைக் கண்ணாடிமேல் வையுங்கள். ரீடைப் பின்பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, நுனி தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்; நுனி தாளில் படவே கூடாது. பட்டைமேல் இரண்டு விரலால் சீராக அழுத்தி நான்கைந்து முறை முன்னும் பின்னும் இழுங்கள். திருப்பிப் பாருங்கள். முழுவதும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் தட்டை. ஓரங்கள் மட்டும் மங்கி நடுவில் பழைய பளபளப்பு இருந்தால் நடு குழிந்திருக்கிறது. நடு மட்டும் மங்கினால் முதுகு புடைத்திருக்கிறது. சீராகும்வரை இன்னும் சில இழுப்பு. முதுகு தேயத் தேய ரீடின் மொத்த விறைப்பும் குறையும். மென்மையான ரீடில் இழுப்புகளை எண்ணிச் செய்யுங்கள்.

காற்றை வைத்தும் சோதிக்கலாம். நனைத்த ரீடை மவுத்பீஸில் கட்டி, மவுத்பீஸின் கீழ்த் துவாரத்தை உள்ளங்கையால் இறுக மூடி, மறுமுனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சி வாயை எடுங்கள். ரீடு ஒட்டியபடி இரண்டு மூன்று நொடி நின்று ‘டப்’ என்று விடுபட வேண்டும். உறிஞ்சிய உடனே விட்டுவிட்டால் கசிவு. ஒரு ரீடில் மட்டும் அப்படியென்றால் ரீடின் முதுகு. எல்லா ரீடிலும் அப்படியென்றால் மவுத்பீஸின் விளிம்பு சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் பெட்டி பெட்டியாக ரீடு மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கட்டும் முறை

ரீடை ஒன்றிரண்டு நிமிடம் நீரில் நனையுங்கள், வாயில் வைத்து நனைத்தாலும் சரி. நுனி அலையலையாக நெளிந்தால் பயப்பட வேண்டாம். மெல்லிய நுனி நீரைக் குடித்து உப்புகிறது, பின்பகுதி இன்னும் உலர்ந்திருக்கிறது; கொஞ்ச நேரத்தில் சமமாகும். மவுத்பீஸின் தட்டையான பகுதியில் வைத்துக் கட்டைவிரலால் நீவினால் சீக்கிரம் அடங்கும். இருபது நிமிடம் ஊறவைப்பது தவறு, ரீடு கனத்து மந்தமாகிவிடும்.

முதலில் லிகேச்சர், பிறகு மேலிருந்து ரீடு. முதலில் ரீடை வைத்து அதன்மேல் லிகேச்சரை இறக்கினால் என்றாவது ஒருநாள் நுனி போகும். நேராகப் பார்க்கும்போது ரீடு நுனிக்குமேல் மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும். இரு ஓரமும் மவுத்பீஸ் விளிம்போடு ஒத்திருக்க வேண்டும். திருகாணிகளை ரீடு நகராத அளவு மட்டும் முடுக்குங்கள், மேல் திருகாணி கீழதைவிடச் சற்றுத் தளர்ச்சி. ரீடை ஒரு மயிரிழை மேலே ஏற்றினால் விறைக்கும், இறக்கினால் இளகும். உப்புத்தாளைத் தொடுவதற்குமுன் இதைச் செய்து பாருங்கள், செலவில்லாத மருந்து.

நாலு நாள் பழக்கம்

புது ரீடை முதல் நாளே தீர்ப்புச் சொல்லக் கூடாது. நாணல் ஈரத்துக்கும் அதிர்வுக்கும் பழக நாள் வேண்டும். முதல் நாள் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள். கீழ், நடு ஸ்தாயிகளில் நீண்ட சுரம் மட்டும், மிதமான பலத்தில். மேல் ஸ்தாயி வேண்டாம், நாக்கால் தட்டி வாசிப்பதும் வேண்டாம். இரண்டாம் நாள் பத்து நிமிடம். மூன்றாம் நாள் பதினைந்து, மேல் ஸ்தாயியும் சேரலாம். ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும் ஈரத்தைத் துடைத்து, சீவிய பகுதியை நெஞ்சிலிருந்து நுனியை நோக்கி விரலால் அழுத்தி நீவுங்கள். நாரின் வாய் மூடி, நீர் குடிப்பது குறையும்.

ஒரு சிறு குறிப்பேட்டில் எண்ணுக்கு நேரே இரண்டு வார்த்தை எழுதி வையுங்கள்: ‘4 – விறைப்பு, சீர்’, ‘7 – வலது மந்தம்’. முதல் நாள் மரக்கட்டையாக இருந்தது நான்காம் நாள் கச்சேரி ரீடாக மாறுவது சகஜம். முதல் நாளே சுலபமாகப் பேசியதுதான் பெரும்பாலும் முதலில் சாகும். அதனால் முதல் நாள் ‘கொஞ்சம் விறைப்பு’ என்று தோன்றுவதை விரும்பத் தொடங்குங்கள்.

வாசித்துத் தேர்ந்தெடுப்பது

நான்காம் நாள், ஒரே அறையில், ஒரே உட்கார்ச்சியில் பத்தையும் வாசியுங்கள். பாட்டு வாசித்தால் பாட்டில் கவனம் போய்விடும். இந்த ஐந்து சோதனை போதும்; ஜி, ஈ போன்றவை மேற்கத்தியச் சுரப் பெயர்கள்.

1. எந்த விரலும் வைக்காத ஜி. மிக மெல்லத் தொடங்கி, பலமாக வளர்த்து, மறுபடி ஒன்றுமில்லாமல் தேய்த்து முடியுங்கள். தொடக்கத்தில் சத்தத்துக்கு முன்னால் காற்று வருகிறதா? பலமாகும்போது சுருதி தொய்கிறதா?

2. எல்லா விரலும் மூடிய கீழ் ஈ. தட்டியதும் பேச வேண்டும். ஒரு கணம் தயங்கினால் நெஞ்சு கனம் அல்லது கசிவு.

3. நடுவில் உள்ள ஏ சுரத்திலிருந்து அடுத்த பி. கையில் ஒன்றிரண்டு விரலோடு இருந்த வாத்தியம் சட்டென்று எல்லா விரலும் மூடும் இடம். ஒலியின் நிறம் இங்கே மாறாமல் இருந்தால் ரீடு நல்ல வார்ப்பு.

4. கட்டைவிரலும், மேல் ஸ்தாயிக்குத் தாவ வைக்கும் ரெஜிஸ்டர் சாவியும் மட்டும் சேர்ந்து வரும் மேல் சி. மெலிந்து கீறலாகக் கேட்டால் ரீடு மென்மை. கடித்தால்தான் வருகிறது என்றால் விறைப்பு.

5. ஒரே சுரத்தில் நாக்கால் வேகமாகத் தட்டுவது. ஒவ்வொரு தட்டிலும் ‘த’ தெளிவாக வர வேண்டும். ‘த்ஹ’ என்று குழைந்தால் நுனி தடிப்பு.

அருகே இருப்பவர் ஒருவர் அறையின் மறுமுனையில் நின்று கேட்டால் இன்னும் நல்லது. வாசிப்பவருக்குப் பற்கள் வழியே எலும்பில் கேட்கும் சலசலப்பு பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. கொஞ்சம் கரகரப்பாகத் தோன்றும் ரீடுதான் மண்டபத்தில் தூரம் போகும்.

கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு இதில் ஆறாவது ஒன்று உண்டு. ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்கள் இந்த வாத்தியத்தில் கமகத்தை நிலைநாட்டிக் காட்டிய பிறகு, கிளாரினெட் என்றால் நம் காது வெறும் படிக்கட்டுச் சுரங்களை ஏற்பதில்லை. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, துவாரத்தை விரலால் அரைவாசி மூடியும் வாய்ப்பிடியைத் தளர்த்தியும் கீழ்ச் சுரத்துக்கு வழுக்கி இறங்கி ஏறுங்கள். ஒலி அறுபடாமல் போய் வர வேண்டும். மேற்கத்திய இசைக்கு அசையாமல் நிற்கும் விறைப்பான ரீடு இங்கே முரண்டு பிடிக்கும். அரை எண் குறைவானது பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் அந்த மென்மையில் மேல் ஸ்தாயி நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைவேலை

தேறாத ரீடுகளில் அதிகம் காண்பது இரு ஓரமும் சமமில்லாதது. கண்டுபிடிக்க எளிய வழி: ஜி சுரத்தை ஊதிக்கொண்டே வாத்தியத்தைச் சற்றே வலப்பக்கம் உருட்டுங்கள், பிறகு இடப்பக்கம். உருட்டும்போது கீழுதடு ரீடின் ஒரு ஓரத்தை அமுக்கிவிடும், மறு ஓரம் மட்டும் அதிரும். எந்த ஓரம் தனியே அதிரும்போது சத்தம் அடைத்து மந்தமாகிறதோ அந்த ஓரம் கனம். ரீடைக் கழற்றும்முன் பட்டையில் அந்தப் பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். கழற்றித் திருப்பினால் இடம் வலம் குழம்பும்.

ரீடைக் கண்ணாடிமேல் வைத்து, விரல் நகத்தளவு மடித்த 600 உப்புத்தாளால் கனமான ஓரத்தில் நெஞ்சுக்குப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மூன்று நான்கு இழுப்பு. நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். நெஞ்சைத் தொடாதீர்கள்; நெஞ்சு போனால் ஒலியின் உடம்பு போகும், திரும்ப வைக்க முடியாது. மறுபடி கட்டி வாசியுங்கள். மறுபடி மூன்று இழுப்பு. ஒரே அமர்வில் முடிக்க நினைத்தால் கட்டாயம் அதிகமாகப் போகும். பாதியில் விட்டு மறுநாள் பார்ப்பது நல்லது.

இரு பக்கமும் சமம், ஆனாலும் மெல்லத் தொடங்க மறுக்கிறது என்றால் நுனியின் இரு மூலைகளை அடுத்த பகுதியில் ஒவ்வொன்றிலும் இரண்டு இழுப்பு. எல்லாமே விறைப்பு என்றால் முன்னே சொன்னபடி முதுகைத் தேயுங்கள், பத்து இழுப்புக்கு ஒருமுறை வாசித்துப் பார்த்து. மென்மையாகிப்போன ரீடுக்கு டிரிம்மர் என்ற சிறு வெட்டுக்கருவி உண்டு. நுனியில் ஒரு மயிரிழை, அதிகம் போனால் 0.2 மி.மீ. வெட்டினால் ரீடு மறுபடி விறைக்கும். கத்தரிக்கோலால் வெட்டிப் பார்க்காதீர்கள், நார் பிளக்கும். மலிவான டிரிம்மரின் வளைவு உங்கள் மவுத்பீஸ் நுனியின் வளைவோடு பொருந்தாமல் இருக்கும், வாங்கும்முன் ஒரு பழைய ரீடில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள்.

கீச்சுச் சத்தம் வந்தால் உடனே ரீடைத் திட்டுவது வழக்கம். விரல் துவாரத்தை முழுதாக மூடாதது, ரீடு கோணலாகக் கட்டப்பட்டது, சாவியின் பஞ்சு கசிவது ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். அதே ரீடு மட்டும் எங்கும் எப்போதும் கீச்சிட்டால், ஓரச் சமநிலையைச் சோதியுங்கள். நுனியில் மூலை உடைந்திருந்தால் வெட்டிப் பாருங்கள் அல்லது விடுங்கள்.

பிளாஸ்டிக் ரீடு

கனடாவின் லெஜேர் போன்ற நிறுவனங்கள் செயற்கைப் பொருளில் ரீடு செய்கின்றன. நனைக்க வேண்டாம், நெளியாது, கால் எண் இடைவெளியில்கூடக் கிடைக்கும். ஊர்வலத்தில் வெயிலிலும் தூசியிலும் வாசிக்கும் பேண்டுக்கும், ஒரே கச்சேரியில் இரண்டு வாத்தியம் மாற்றுபவருக்கும் இது பெரிய வசதி. ஒன்றின் விலை, பத்து நாணல் ரீடு கொண்ட ஒரு பெட்டியின் விலைக்கு அருகில் வரும், மாதக்கணக்கில் உழைக்கும். சூட்டில் சற்று இளகும் என்பதால் வெயிலில் வாசிப்பதானால் ஒரு கால் எண் கூடுதலாக எடுங்கள். மெல்லிய வாசிப்பில் நாணல் தரும் நிறபேதம் இதில் முழுதாக வருவதில்லை. மாணவருக்கு நாணலிலேயே தொடங்குவது நல்லது.

பாதுகாப்பு

நல்லதாகத் தேர்ந்த நான்கு ரீடுகளைச் சுழற்சியில் வையுங்கள். ஒரு நாள் ஒன்று, அல்லது ஒரு அமர்வில் இரண்டு. ஒன்றையே நாள் முழுவதும் வாசித்தால் நார் ஈரம் உலரவே நேரமில்லாமல் உளுத்துப்போகும். வாசித்ததும் சாதாரண நீரில் அலசி, அடியிலிருந்து நுனியை நோக்கித் துடையுங்கள். எதிர்த்திசையில் துடைத்தால் நுனி மடங்கும். எச்சிலோடு காய்ந்த ரீடு கறுத்து, சீக்கிரம் செத்துவிடும். சாப்பிட்ட உடனே வாய் கொப்புளிக்காமல் வாசிப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மவுத்பீஸிலேயே ரீடைக் கட்டிவைத்துப் பெட்டியை மூடும் பழக்கம் ரீடையும் கெடுக்கும், மவுத்பீஸிலும் பூசணம் பிடிக்கவைக்கும்.

கண்ணாடி அல்லது தட்டைத் தளம் கொண்ட ரீடு உறையில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவுக்குள் ஈர ரீடைப் போட்டால் இரண்டே நாளில் கறும்புள்ளி வரும். முதலில் பத்து நிமிடம் காற்றில் ஆறவிட்டு மூடுங்கள். ஏசி அறையில் நேர்மாறு. திறந்து வைத்த ரீடு பதினைந்து நிமிடத்தில் காய்ந்து நெளிந்துவிடும். இடைவேளையில் வாத்தியத்தைத் தாங்கியில் வைக்கும்போது மவுத்பீஸ் மூடியைப் போடுங்கள். ஏசி மண்டபக் கச்சேரிக்குப் போவதானால் ஒரு மணி நேரம் முன்பே போய் அங்கேயே ரீடைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் சரியாக இருந்தது அங்கே விறைத்திருக்கலாம். ரீடை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளவே கூடாது. உடம்பு சரியில்லாமல் இருந்தபோது வாசித்ததை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து அலசலாம். காய்ச்சல் சமயத்தில் வாசித்ததை எறிந்துவிடுவது இன்னும் நிம்மதி.

சுழற்சியில் வைத்த நாணல் ரீடு, தினமும் வாசிப்பவருக்கு மூன்று நான்கு வாரம் தாக்குப் பிடித்தால் நல்ல ஆயுள். சுருதி தொடர்ந்து கீழே தொய்வது, மேல் சி-க்குக் கடிக்க வேண்டிவருவது, நுனி ஒளியில் சாம்பல் நிறமாகத் தெரிவது மூன்றில் இரண்டு வந்தால் சுழற்சியிலிருந்து எடுங்கள். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு அதைக் கண்டுபிடித்தால் கஷ்டம். அதனால் நான்கில் ஒன்று தளரும்போதே அடுத்த பெட்டியில் ஒன்றைப் பழக்கத் தொடங்கியிருக்க வேண்டும். எடுத்த பழைய ரீடை வீசாதீர்கள். உப்புத்தாளும் டிரிம்மரும் பிடித்துக் கை பழக அதைவிட மலிவான பலகை கிடையாது.